லேபிள் இல்லாத புகை

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலேசியாவின் ஜொகூர்க்காரர்கள் கேட்காமலே ஒரு வேதியியல் பாடம் வந்து சேர்ந்தது. மார்ச் 7ஆம் தேதி விடிவதற்கு முன், தொழிற்பேட்டை நகரான பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் லாரியிலிருந்து வேதிக்கழிவு கொட்டப்பட்டது. முதலில் பாதிக்கப்பட்டவர்கள் ஆற்றை ஒட்டிய தாமான் பாசிர் பூத்தே பள்ளிகளின் பிள்ளைகள். மூச்சுத் திணறியது, வாந்தி வந்தது, தலை சுற்றியது. ஒரு வாரத்துக்குள் வட்டாரத்தின் 111 பள்ளிகளுக்கும் பூட்டு. விளையாட்டு உள்ளரங்கம் மருத்துவ முகாமானது. 2,700க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். மாலைச் செய்தியில் அமைச்சர்களும் தீயணைப்புத் துறையினரும் காற்றில் கண்டுபிடிக்கப்பட்டவற்றின் பெயர்களை வாசித்தார்கள்: பென்சீன், டொலுயீன், சைலீன், எத்தில்பென்சீன், அக்ரோலீன், அக்ரிலோநைட்ரில், ஹைட்ரஜன் குளோரைடு, மீத்தேன், லிமோனீன். காய்கறிச் சந்தையிலும் கோயில் வாசலிலும் மக்கள் இந்தப் பெயர்களைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லிப் பழகினார்கள்.

இந்தப் பட்டியலில் ஹைட்ரஜன் குளோரைடையும் லிமோனீனையும் அடித்துவிடுங்கள். மிஞ்சும் ஏழும் இன்னொரு பட்டியலிலும் இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்கும் தொழிற்பேட்டைக்கும் சம்பந்தமில்லை. அறுவை அரங்கில் மின்கத்தி மனிதத் தசையைத் தொடும்போது எழும் புகையில் வேதியியலாளர்கள் இனங்கண்ட பொருள்களின் பட்டியல் அது. அந்த ஏழோடு ஃபார்மால்டிஹைடு, பியூட்டாடையீன், ஸ்டைரீன், ஃபீனால், ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு எனப் பல பத்துப் பொருள்கள் அதில் நீள்கின்றன. ஒரு நகரத்தின் பள்ளிகளை மூட வைத்த அதே மூலக்கூறுகள், அளவில் மிகச் சிறியவையாக, கிருமி நீக்கப்பட்ட, குளிரூட்டப்பட்ட, பச்சைத் துணி போர்த்திய ஓர் அறைக்குள் அன்றாடம் பிறக்கின்றன. உலகில் எந்த ஊர் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். அவற்றை யாரும் வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. நோயாளியின் உடலே மூலப்பொருள்.

அரங்கில் இருப்பவர்கள் இந்த மின்கத்தியை 'டயதர்மி' என்பார்கள். அமெரிக்காவில் இன்றும் பலர் 'போவி' என்றே கூப்பிடுகிறார்கள். தாவர உடலியலில் முனைவர் பட்டம் பெற்று ஹார்வர்டில் வேலை பார்த்த வில்லியம் போவி என்பவர் அதை உருவாக்கினார். 1926 அக்டோபர் 1ஆம் தேதி, பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில், நரம்பியல் அறுவையின் தந்தை எனப் போற்றப்படும் ஹார்வி குஷிங் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். நோயாளியின் தலையில் ரத்தக்குழாய்கள் மிகுந்த ஒரு கட்டி. சில நாள்களுக்கு முன் அதை எடுக்க முயன்று, ரத்தம் நிற்காததால் பாதியில் விட்டிருந்தார் குஷிங். போவியின் கருவி வெட்டிக்கொண்டே ரத்தக்குழாய் வாய்களை அடைத்தது. கட்டி வெளியே வந்தது. இந்த நூற்றாண்டுக்கால வரலாற்றில் டயதர்மி காப்பாற்றிய உயிர்களைக் கணக்கிட முடியாது. இந்தக் கட்டுரை அந்தக் கருவிக்கு எதிரான வழக்கு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் துடிக்க வேண்டாமா? மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் ஈடுகொடுத்துத் துடிக்கும். இதயமும் துடிப்புத் தவறும். அலைவு நொடிக்கு இலட்சம் முறைக்கு மேல் போனால் நரம்பால் அதைப் பின்தொடர முடியாது. பிரெஞ்சு உடலியலாளர் தார்சோன்வால் 1890களில் இதைக் காட்டினார். டயதர்மி வேலை செய்வது நொடிக்குச் சில இலட்சம் அலைவுகளில். எனவே நோயாளியின் நரம்புகளுக்கு இந்த மின்சாரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கத்தி நுனியில் நுழையும் மின்னோட்டம் தொடையில் ஒட்டியிருக்கும் அகன்ற தகட்டின் வழியே வெளியேறுகிறது. தகட்டில் அது பரந்து கிடப்பதால் சூடு இல்லை. நுனியில் ஊசிமுனை அளவு இடத்தில் குவிவதால் அங்கே மட்டும் கொதிக்கிறது.

கொதிப்பது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர். அது ஒரு கணத்தில் ஆவியாகி விரிய, செல் வெடிக்கிறது. அடுத்தடுத்த செல்கள் இப்படி வெடித்துக்கொண்டே போவதுதான் நம் கண்ணுக்கு 'வெட்டு' எனத் தெரிகிறது. ரத்தத்தை உறைய வைக்க வேண்டுமானால் மருத்துவர் இன்னொரு பொத்தானை அழுத்துவார். மின்னோட்டம் விட்டுவிட்டு, ஆனால் கூடுதல் மின்னழுத்தத்தோடு வரும். செல் வெடிப்பதற்குப் பதில் வறண்டு, சுருண்டு, கருகும். கருகும்போதுதான் புகை அதிகம். எழும் புகையில் ஏறத்தாழ 95 விழுக்காடு வெறும் நீராவி. சிக்கல் முழுவதும் மீதி 5 விழுக்காட்டில் இருக்கிறது.

என்னை இந்த விஷயத்தில் பிடித்து நிறுத்தியது அந்த 5 விழுக்காட்டின் வேதியியல். பென்சீன் என்றால் பெட்ரோலும் கச்சா எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். மனித உடலில் அது எங்கிருந்து வந்தது?

நம் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்று ஃபீனைல்அலனைன். ஆறு கார்பன்கள் சேர்ந்த ஒரு வளையம், அதிலிருந்து நீளும் மூன்று கார்பன் சங்கிலி. இதுதான் அதன் அமைப்பு. அந்த ஆறு கார்பன் வளையம் பென்சீன் வளையமே. புரதத்துக்குள் கட்டுண்டு இருக்கும்வரை அது சாது. சூடு ஏற ஏறச் சங்கிலி அறுகிறது. எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். வளையத்தோடு இரண்டு கார்பன் ஒட்டியிருந்தால் எத்தில்பென்சீன் அல்லது ஸ்டைரீன். ஒன்றே ஒன்று மிஞ்சினால் டொலுயீன். எதுவுமே மிஞ்சாவிட்டால் பென்சீன். பாசிர் கூடாங் பட்டியலின் மூன்று பெயர்கள் ஒரே அமினோ அமிலத்தின் மூன்று முறிவுகள்! ஸ்டைரீன் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் அதுவும் நமக்குப் பழகியதுதான். அதைச் சங்கிலியாகக் கோத்துத்தான் மிக்கோரெங் தாபாவ் வாங்கும் வெள்ளைப் பெட்டியைச் செய்கிறார்கள்.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். ஃபீனைல்அலனைனின் இந்த வளையத்தை மனித உடலால் கட்ட முடியாது. விலங்குகள் எவற்றாலும் முடியாது. செடிகளும் நுண்ணுயிர்களும் மட்டுமே கட்டுகின்றன. அதனால்தான் ஃபீனைல்அலனைனை உணவிலிருந்து பெற்றே ஆக வேண்டிய அமினோ அமிலங்களில் சேர்த்திருக்கிறார்கள். நோயாளி என்றோ சாப்பிட்ட பருப்பு, டெம்பே, புல் மேய்ந்த மாட்டின் பால் இவற்றின் வழியாக ஏதோ ஓர் இலை கட்டிய வளையம் அவர் தசைக்குள் வந்து குடியேறியது. அதுதான் இப்போது பென்சீனாக வெளியே கிளம்புகிறது. கச்சா எண்ணெயும் பழங்காலக் கடலின் நுண்ணுயிர்கள் மண்ணுக்கடியில் நெடுங்காலம் வெந்து உருவானதே. பூமி பல மில்லியன் ஆண்டுகள் மெதுவாகச் செய்ததை ஒத்த வேலையைக் கத்தி நுனி ஒரு நொடியில் முடிக்கிறது.

மற்ற அமினோ அமிலங்களுக்கும் அதனதன் பங்கு உண்டு. டைரோசின் கருகினால் ஃபீனாலும் கிரெசாலும். பழைய கிருமிநாசினி நெடி அவற்றுடையது. டிரிப்டோபேன் இண்டோலைத் தரும். மிகச் சிறு அளவில் மல்லிகையிலும், சற்றுக் கூடினால் மலத்திலும் மணப்பது அதே இண்டோல். கந்தகம் கொண்ட சிஸ்டைன் அழுகிய முட்டை நெடியான ஹைட்ரஜன் சல்பைடைத் தருகிறது. புரதத்தின் நைட்ரஜன் கார்பனோடு மும்மடிப் பிணைப்பில் இறுகினால் நைட்ரில்கள் பிறக்கும். அந்தக் குடும்பத்தில் மிகச் சிறியது ஹைட்ரஜன் சயனைடு. சற்றுப் பெரியது அக்ரிலோநைட்ரில்.

அக்ரிலோநைட்ரிலைப் பற்றி மலேசியர்களுக்குத் தனியாக ஒரு சேதி. அதையும் பியூட்டாடையீனையும் சேர்த்துக் கோத்தால் கிடைப்பது நைட்ரில் ரப்பர், அதாவது இந்த நாடு உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நீலநிறப் பரிசோதனைக் கையுறை. கோத்த பிறகு அது உடலுக்கு ஒன்றும் செய்வதில்லை, தோலைக் காக்கிறது. கோக்கப்படாத தனித்தனி மூலக்கூறுகளாக அவை இரண்டும் வேறு ரகம். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பியூட்டாடையீன் ஆகியவற்றை நெடுநாளாக வைத்திருக்கிறது. 2024இல் அக்ரிலோநைட்ரிலும் அந்தப் பிரிவுக்கு ஏற்றப்பட்டது. இந்த நான்கும் அறுவைப் புகையில் உள்ளவை.

அக்ரோலீனுக்கு வழி வேறு. அது கொழுப்பிலிருந்து வருகிறது. கொழுப்பு மூலக்கூற்றின் முதுகெலும்பான கிளிசரால் சூட்டில் இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்தால் அக்ரோலீன். வாணலியில் எண்ணெயை அடுப்பில் மறந்துவிட்டால் சமையலறையிலிருந்து எல்லாரையும் இருமிக்கொண்டே ஓட வைக்கும் காரநெடி இதுவே. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இதைக் குண்டுகளில் அடைத்து வீசியது. வயிற்றில் நான்கு விரல் தடிமன் கொழுப்பை டயதர்மியால் பிளக்கும்போது மேசையைச் சுற்றி நிற்பவர்களின் கண் கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் அறுவை அரங்கிலிருந்து ஏன் யாரும் மயங்கி விழுவதில்லை?

அளவுதான் காரணம். கிம் கிம் ஆற்றில் கொட்டியது டன் கணக்கு. கத்தி நுனியில் கருகும் திசு கிராம் கணக்கு. அதோடு அறுவை அரங்கின் காற்றோட்டம் சாதாரண அறைக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு வலுவானது. மணிக்கு 20 முறை அறையின் காற்று முழுதும் மாற வேண்டும் என்பது பரவலான தர அளவு. இதனால் அரங்குக் காற்றில் பென்சீன், டொலுயீன் போன்றவற்றை அளந்தவர்கள் பெரும்பாலும் தொழிலிடங்களுக்கு விதித்த வரம்புக்கு மிகக் கீழேயே கண்டிருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டுப் பயமுறுத்துவது நேர்மையில்லை. ஆனால் அறையின் நடுவில் வைத்த கருவி காட்டும் அளவும், வெட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் குனிந்திருக்கும் முகத்துக்குப் போகும் அளவும் ஒன்றல்ல. தவிர, வரம்புகள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வகுக்கப்பட்டவை. பல பத்துப் பொருள்கள் சேர்ந்த கலவையை இருபது முப்பது ஆண்டுகள் சுவாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவை தொடுவதே இல்லை.

அளவைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வந்துவிடுகிற சிகரெட் கணக்கு ஒன்று உண்டு. 1981இல் ஜப்பானில் டொமிட்டாவும் உடனாய்வாளர்களும் ஒரு கிராம் திசுவைக் கருக்கிப் புகையைச் சேகரித்தார்கள். லேசரால் கருக்கிய புகை 3 சிகரெட்டுக்கும், மின்கத்தியால் கருக்கியது 6 சிகரெட்டுக்கும் சமம் என்றார்கள். 2012இல் பிரிட்டனில் பிளாஸ்டிக் அறுவை அரங்குகளில் டயதர்மி ஒரு நாளில் எவ்வளவு நேரம் இயங்குகிறது என்று அளந்தார்கள். சராசரியாக 12 நிமிடங்களுக்குச் சற்று மேல். அதிலிருந்து அரங்கின் ஒரு நாள் புகை 27 முதல் 30 வடிகட்டியில்லாச் சிகரெட்டுகளுக்குச் சமம் எனக் கணக்கிட்டார்கள். புகை உறிஞ்சும் கருவி விற்பவர்களுக்கு இந்த எண் மிகவும் பிடிக்கும். ஆனால் டொமிட்டா அளந்தது நுண்ணுயிர்களின் மரபணுவில் புகை உண்டாக்கிய மாற்றங்களை; மனித நுரையீரலை அல்ல. அரங்குப் புகை முழுவதையும் ஒருவரே உறிஞ்சுவதும் இல்லை. தாதி ஒருவர் தினமும் 30 சிகரெட் பிடிக்கிறார் என்று இதற்குப் பொருள் கொண்டால் அது பிழை. இந்தப் புகையால் மரபணுவில் கை வைக்க முடியும் என்பது மட்டும் உண்மை.

மனிதரிடம் பார்த்த ஆய்வு என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1976இல் தொடங்கி நடந்துவரும் புகழ்பெற்ற தாதியர் நல ஆய்வின் தரவுகளைக் கொண்டு, அறுவை அரங்கில் நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுகிறதா என்று தேடினார்கள். 80,000க்கும் மேற்பட்ட தாதியர். 2007இல் வந்த முடிவு: கூடவில்லை. அந்த ஆய்வின் தாயகம் பாஸ்டனின் பிரிகம் மருத்துவமனை. குஷிங் முதன்முதலாகப் போவியின் கருவியைக் கையில் எடுத்த அதே மருத்துவமனையின் இன்றைய வடிவம். அபாயத்தைப் பேசுகிற பல கட்டுரைகள் இந்த முடிவைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவதைக் கண்டிருக்கிறேன். ஆறுதல் தருகிற முடிவு அது, ஐயமில்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோய் ஒரு நோய் மட்டுமே. 2010இல் அமெரிக்கத் தாதி ஆய்வாளர் கே பால் அறுவை அரங்குத் தாதியரிடம் நடத்திய கணக்கெடுப்பில், சில மூச்சுக்குழாய்த் தொல்லைகள் பொதுமக்களைவிட அவர்களிடம் இருமடங்கு காணப்பட்டன. தலைவலி, கண் எரிச்சல், விடாத இருமல், தொண்டைக் கரகரப்பு. சாகடிக்கிற நோய்கள் இல்லை என்பதால் இவை மருத்துவப் புள்ளிவிவரங்களில் இடம்பிடிப்பது அரிது. வாழ்நாள் முழுக்க இருமுகிறவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

வாயுக்களோடு துகள்களும் சேர்ந்து வருகின்றன. மின்கத்திப் புகையில் துகளின் சராசரி விட்டம் ஏறத்தாழ 0.07 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூக்கின் ரோமத்துக்கும் தொண்டையின் சளிக்கும் பிடிபடாத அளவு அது. நேராக நுரையீரலின் கடைசி அறைவரை போகும். வேதிப்பொருள்கள் அதன் மேல் ஒட்டிச் சவாரி செய்யும்.

ஆனால் முகக்கவசம் அணிந்திருக்கிறார்களே? கோவிட் காலத்துக்குப் பிறகு இதை விளக்குவது எளிது. அறுவை முகக்கவசம் மருத்துவரின் எச்சில் துளி நோயாளியின் காயத்தில் விழாமல் காக்கச் செய்தது. பக்கவாட்டில் இடைவெளி இருக்கும். நுண்துகள் அந்த இடைவெளி வழியே தாராளமாக நுழையும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 துகளைத் தடுக்கும், பென்சீன் போன்ற வாயுவைத் தடுக்காது. வாயுவைப் பிடிக்கச் செயலூட்டிய கரி வேண்டும்.

துகளோடு வைரஸும் வரலாம் என்பதற்கு நார்வேயில் 1991இல் ஒரு சான்று பதிவானது. நோயாளிகளின் பாலுறுப்பு மருக்களை லேசரால் அகற்றிவந்த 44 வயது மருத்துவர் ஒருவருக்குக் குரல்வளையில் மருக்கள் முளைத்தன. அவற்றில் இருந்தது பாலுறுப்பு மருக்களில் காணப்படும் அதே வகை பாப்பிலோமா வைரஸ். 2016இல் கொரிய ஆய்வாளர்கள் ஹெப்படைட்டிஸ் பி உள்ள 11 நோயாளிகளின் லேப்ராஸ்கோப்பி அறுவைப் புகையைச் சோதித்ததில் 10 பேருடையதில் வைரஸின் மரபணு கிடைத்தது. புகையில் வைரஸ் கிடைப்பது வேறு, அது ஒருவருக்குத் தொற்றுவது வேறு. தொற்றியதற்கான சான்றுகள் மிகக் குறைவே.

லேப்ராஸ்கோப்பியில் புகையின் கதை சற்று மாறுகிறது. வயிற்றைத் திறக்காமல் கார்பன் டையாக்சைடால் ஊதிப் பெருக்கி, சிறு துளைகள் வழியே கருவியை நுழைத்துச் செய்யும் அறுவை அது. புகை வயிற்றுக்குள்ளேயே அடைபடும். உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் கருகல் அரைகுறையாக நடந்து கார்பன் மோனாக்சைடு கூடும். வயிற்றின் உட்சவ்வு அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். திறந்த அறுவையில் ஊழியருக்கு மட்டுமான புகை, இங்கே நோயாளிக்கும் ஒரு பங்கு தருகிறது. திரை மங்கலானதும் மருத்துவர், “கேஸ் கொஞ்சம் வெளியே விடுங்க” என்பார். உதவியாளர் துளைக்குழாயின் அடைப்பானைத் திறப்பார். அதுவரை சேர்ந்த புகை முழுதும் அழுத்தத்தோடு ஒரே மூச்சில் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கு நேரே வரும். 2020இல் கோவிட் பயம் வந்த பிறகுதான் உலகின் பல அரங்குகளில் அந்த அடைப்பானில் வடிகட்டி மாட்டும் பழக்கம் பரவியது. வேதிப்பொருளுக்காக முப்பது ஆண்டுகள் கேட்டும் வராத வடிகட்டி, ஒரு வைரஸுக்காகச் சில வாரங்களில் வந்தது.

யார் அதிகம் சுவாசிக்கிறார்கள் என்று பார்த்தால் மருத்துவரின் பெயரைவிட உதவி மருத்துவரின் பெயரும், கருவி எடுத்துக்கொடுக்கும் தாதியின் பெயரும்தான் முன்னே நிற்கக்கூடும். பெரிய மருத்துவர் ஒரு நோயாளியை முடித்துவிட்டு வெளியே போய்விடலாம். தாதி அதே மேசையருகே அடுத்த நோயாளிக்கும் அதற்கடுத்தவருக்கும் நிற்பார். மூக்கு அவரை எச்சரிக்குமா என்றால் அதுவும் முழுதாக இல்லை. தொடர்ந்து ஒரே நெடியை முகரும் மூக்கு சில நிமிடங்களில் அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். புதிதாக வந்த மாணவி முதல் நாள் குமட்டலோடு வெளியே ஓடுவார். மூத்தவர்கள், “போகப் போகப் பழகிடும்” என்பார்கள். நெடி பழகிவிடும். நெடியைத் தந்த பொருள் அப்படியே இருக்கும். பென்சீனோ, நெடி மூக்குக்கு எட்டும் முன்பே தொழிலிட வரம்பைத் தாண்டிவிடக் கூடியது.

தீர்வு 1996லேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கை சுருக்கமான சமாசாரம். புகையை உறிஞ்சும் குழாயின் வாய் வெட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த வாயில் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 30 முதல் 45 மீட்டர் இருக்க வேண்டும். உறிஞ்சியது நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வழியே போக வேண்டும். இன்றைய கருவிகளில் 0.12 மைக்ரான் துகளில் 99.999 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டியும் அதன் பின்னால் வாயுவைப் பிடிக்கும் கரிப் படுகையும் இருக்கும். 5 சென்டிமீட்டர் என்பதுதான் உயிர்நாடி. குழாயைச் சற்றுத் தள்ளி வைத்தால் உறிஞ்சல் சட்டென்று குறைந்து, புகை அதைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். சுவரில் பொருத்திய 'சக்கர்' எனப்படும் உறிஞ்சுகுழாயை உதவியாளர் பிடித்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். அது ரத்தமும் நீரும் உறிஞ்சச் செய்தது. அது இழுக்கும் காற்று மிகக் குறைவு.

அப்புறம் ஏன் எல்லா அரங்கிலும் புகை உறிஞ்சி ஓடுவதில்லை? காரணங்கள் சாதாரணமானவை. இயந்திரம் இரையும், மருத்துவர் பேசுவது கேட்காது. உறிஞ்சுகுழாய் சேர்த்துச் செய்த டயதர்மிப் பென்சில் கனமாக இருக்கும், நுனியைக் கண்ணிலிருந்து மறைக்கும். வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும், அதற்குக் காசு. கருவி அரங்கின் மூலையில் இருக்கும், போடச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், மூச்சுத் திணறுகிறவர் தாதி. எனக்கு இந்தக் கடைசிக் காரணமே முதன்மையானதாகப் படுகிறது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018இல் புகை உறிஞ்சியைச் சட்டமாக்கியது. அந்நாட்டில் அதுவே முதல். பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இந்தச் சட்டங்களுக்காகக் குரல் கொடுத்ததில் முன்னணியில் நின்றவர்கள் அரங்குத் தாதியர்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் உடல்நலத்துக்குத் தீங்கான வேதிப்பொருள்களுக்கென 2000ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. வேலையிடத்தில் உள்ள தீங்கான வேதிப்பொருள்கள் அனைத்துக்கும் முதலாளி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அவற்றால் ஊழியருக்கு வரும் அபாயத்தை மதிப்பிட வேண்டும். 2013இல் வந்த இன்னொரு விதி, வழங்குநர் ஒவ்வொரு கலத்திலும் அபாயக் குறியும் லேபிளும் ஒட்டி, பாதுகாப்புத் தரவுத்தாளும் தர வேண்டும் என்கிறது. நல்ல விதிகள். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஓர் அறுவை அரங்குக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அலமாரியில் ஃபார்மலின் இருக்கும், லேபிளோடு. மயக்க மருந்தான செவோஃப்ளூரேன், லேபிளோடு. எலும்பு ஒட்டும் சிமெண்ட், அதுவும் லேபிளோடு. ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றலாம். ஃபார்மலின் குப்பியிலிருந்து எழுவது ஃபார்மால்டிஹைடு. அதற்கு வரம்பு உண்டு, கையுறை உண்டு, பயிற்சி உண்டு. பத்தடி தள்ளி மேசையில் வெட்டு நடக்கும் இடத்தில் எழுவதிலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதை எவரும் விற்கவில்லை, வாங்கவில்லை. விநியோக ரசீது கிடையாது, தரவுத்தாள் கிடையாது. உற்பத்தியாளர் மயக்கத்தில் படுத்திருக்கிறார். சட்டம் அதை விலக்கிவிடவில்லை. ஆனால் அலமாரியிலிருந்து தொடங்கும் கண்ணுக்கு அது தட்டுப்படுவதில்லை.

உறிஞ்சி ஓடுகிற அரங்கில் மட்டும் அந்தப் புகைக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. குறிப்பிட்ட நேர உழைப்புக்குப் பின் வடிகட்டியின் ஆயுள் முடியும். தாதி கையுறையோடு அதைக் கழற்றி, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுவார். அந்தப் பையில் இருப்பதற்கு 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 404 என்று ஓர் எண் உண்டு. யார் தூக்குவது, எந்த வண்டியில் போவது, எங்கே எரிப்பது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் வரும்.